இரண்டாம் பேப்பர்

ஜெயராஜுக்கு இங்கிலீஷ் எழுத வரும், பேச வராது. அவன் பெண்டாட்டி பிரிஜெட்டுக்குப் பேச வரும், ஒரு எழுத்து எழுத வராது. மர்பி டவுனில் அவர்கள் குடியிருந்த வரிசையில் இதைச் சொல்லிச் சிரிக்காத வீடு கிடையாது. "ரெண்டு பேரையும் சேத்து வச்சித் தெச்சா ஒரு முழு கிளார்க்கு கெடப்பான்" என்பாள் பக்கத்து வீட்டு முத்தம்மா, குழாயடியில் குடத்தை இறக்கி வைத்துக்கொண்டே.

ஜெயராஜ் கன்ட்டோன்மென்ட் பக்கம் ஒரு சர்க்கார் ஸ்டோர்ஸ் ஆபீசில் பியூன். பன்னிரண்டு வருஷ சர்வீஸ். எஸ்.எஸ்.எல்.சி.யில் மற்றப் பாடமெல்லாம் எப்போதோ தேறியாகிவிட்டது. இங்கிலீஷ் மட்டும் இரண்டு தடவை காலை வாரிவிட்டது. அதையும் தாண்டிவிட்டால் கிளார்க் வேலைக்கு எழுதிப் போடலாம். ஆனால் முப்பத்தைந்து வயசு முடிவதற்குள் தாண்ட வேண்டும் என்று ரூல். வருகிற அக்டோபரில் அவனுக்கு முப்பத்தைந்து முடிகிறது. செப்டம்பரில் இன்னொரு பரீட்சை உண்டுதான், அதற்கு ரிசல்ட் வர டிசம்பர் ஆகிவிடும். ஆக, அந்த ஐம்பத்தெட்டாம் வருஷத்து மார்ச்சுப் பரீட்சைதான் கடைசி.

பிரிஜெட் காக்ஸ் டவுனில் மௌரீன் மேம்சாப் வீட்டில் ஒன்பது வருஷமாக ஆயா. மேம்சாப் ஆங்கிலோ இந்தியன். இரண்டு பெண் குழந்தைகளும் தாய்முகத்தை விட பிரிஜெட் முகத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள். குழந்தைகளோடு பேசிப் பேசி வந்த இங்கிலீஷ் அது. அவளுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து இப்போதுதான் வயிற்றில் ஒன்று தங்கியிருந்தது. மூன்றாம் மாசம். மேம்சாப் சந்தோஷப்பட்டு, குழந்தைகளின் பழைய உல்லன் சட்டைகளை எடுத்துக் கொடுத்தாள். கொடுத்த கையோடு, "மே மாசத்துக்கு அப்புறம் நான் வேற ஆளைப் பாத்துக்கணும் பிரிஜெட், கைக்கொழந்தையோட நீ வர முடியாது, இல்லையா?" என்றும் இங்கிலீஷில் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்வது மாதிரிதான் சொன்னாள்.

அதனால்தான் அந்த வருஷம் பிரிஜெட் தானும் அவனோடு பரீட்சைப் படிப்புக்கு உட்கார்ந்தாள் என்று சொல்ல வேண்டும்.

போன தடவை ஜெயராஜைக் கவிழ்த்தது இரண்டாம் பேப்பர். முதல் பேப்பரில் பாடப் புத்தகம், இலக்கணம். அது எப்படியோ ஒப்பேறிவிடும். இரண்டாம் பேப்பர் முழுக்க லெட்டர், நோட்டீஸ், ரிப்போர்ட். கடைக்கு எழுது, முனிசிபாலிட்டிக்கு எழுது, காணாமல் போன குடைக்கு விளம்பரம் எழுது. ஜெயராஜ் அவென்யூ ரோட்டில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய கைடிலிருந்து பதினாறு லெட்டர்களை ஜபம் போல உருப்போட்டுக்கொண்டு போனான். அங்கே தெருக்குழாய் கெட்டுப்போனதைப் பற்றி முனிசிபாலிட்டிக்கு எழுதச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். அது அந்தப் பதினாறில் இல்லை. கையில் இருந்ததை விடக் கூடாது என்று, தனக்குக் கடுமையான காய்ச்சல் என்றும் மூன்று நாள் லீவு வேண்டும் என்றும் முனிசிபாலிட்டிக்கு எழுதிவிட்டு வந்தான். அதை வெகுளியாக ஆபீசில் சொல்லப்போய், ஹெட் கிளார்க் சுந்தரேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தாராம். அன்றிலிருந்து குழாயில் தண்ணீர் வராத நாளெல்லாம், "ஜெயராஜுக்கு ஜொரம் போலிருக்கு" என்பது அந்த ஆபீசில் ஒரு பேச்சாகிவிட்டது.

ஜனவரி பிறந்ததும் படிப்பு தொடங்கியது. குழாயில் ஆறு மணிக்குத் தண்ணீர் விடுவார்கள். அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் எழுந்துகொள்வார்கள். அல்சூர் ஏரிப் பக்கமிருந்து பனி வந்து தகரக் கூரையில் சொட்டும் காலம். பிரிஜெட் அடுப்பைப் பற்றவைத்து டீக்குத் தண்ணீர் போடுவாள். ஜெயராஜ் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, மேம்சாப் வீட்டுப் பிஸ்கெட் தகரத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் காகிதத்தை வைத்துக்கொள்வான்.

"கேள்வி இன்னா, அத்தச் சொல்லு" என்றாள் ஒருநாள்.

"ஒரு கடையில டீ செட்டு வேணும்னு எழுதிப் போட்டிருக்கற. பார்சலு வந்துடுச்சி. பிரிச்சிப் பாத்தா ரெண்டு கப்பு ஒடஞ்சிருக்குது. கடை மேனேஜருக்கு லெட்டர் எழுதணும்."

"யாரு எழுதிப் போட்டது?"

"நான்தான். பரீட்சையில."

"சரி. எழுதினத்தப் படி."

ஜெயராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தான். மகா கனம் பொருந்திய ஐயா அவர்களின் கருணை மிகுந்த கவனத்துக்கு மிகத் தாழ்மையுடன் ஒன்றைக் கொண்டுவருவதற்குக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன் என்று தொடங்கியது அந்த இங்கிலீஷ். 'ஐ மோஸ்ட் ஹம்பிளி பெக்' என்ற இடம் வந்ததும் பிரிஜெட் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"நிறுத்துய்யா. இன்னாத்துக்கு நீ பெக் பண்ற?"

"அப்படித்தான்டி எழுதணும்."

"பெக்குன்னா இன்னா தெரியுமா? எங்க வூட்டு கேட்டாண்ட தட்டு வச்சிக்கினு நிக்கறாங்களே, அவங்கள மேம்சாப் சொல்ற பேரு அது. கப்ப ஒடச்சி அனுப்புனவன் அவன். துட்டு குடுத்தவன் நீ. நீ எதுக்குப் போயி தட்டு ஏந்தற?"

"மரியாதைடி. கைடுல அப்படித்தான் போட்டிருக்குது."

"ஒடஞ்ச கப்புக்கு இன்னாய்யா மரியாத? இரு, மேம்சாப் கறிக்கடைக்காரன் கிட்ட பேசறத்தச் சொல்றேன்." அவள் முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு கையை இடுப்பில் வைத்து, மூக்கை மேலே தூக்கினாள். "நவ் லுக் ஹியர், மை குட் மேன்!"

ஜெயராஜ் வேகமாக அதையும் எழுதிவிட்டான். அதைப் பார்த்துவிட்டு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் முத்தம்மா சுவரைத் தட்டி, "இன்னாடி காத்தாலேயே, டாக்கீஸா நடக்குது?" என்று கேட்டாள்.

அப்படியே எழுதினால் பேப்பர் திருத்துகிறவன் பிரம்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவான் என்பது பிரிஜெட்டுக்கும் தெரியும். மேம்சாப்பின் அதட்டலிலும் கொஞ்சம், கைடின் கும்பிடிலும் கொஞ்சம் என்று கழித்துக் கழித்து, கடைசியில் நாலே வரிக்கு வந்தார்கள். உங்கள் பார்சல் திங்கட்கிழமை வந்தது. அதில் இரண்டு கப்புகள் உடைந்திருந்தன. வேறு இரண்டு அனுப்பவும். சனிக்கிழமைக்குள் வந்தால் நன்றாக இருக்கும்.

ஜெயராஜ் அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். "இவ்ளோதானா?"

"வேற இன்னா வேணும் உனுக்கு? கப்புதான?"

இப்படி மூன்று மாசம். குடை காணோம் நோட்டீஸ், நாய் காணோம் நோட்டீஸ், பள்ளிக்கூட ஆண்டு விழா ரிப்போர்ட், புயல் அடித்த ரிப்போர்ட், சினேகிதனைக் கல்யாணத்துக்குக் கூப்பிடும் லெட்டர். பிரிஜெட் பகலெல்லாம் காக்ஸ் டவுனில் குழந்தைகளைக் குளிப்பாட்டி, துணி அலசி, இஸ்திரி போட்டு, ரிப்பன் கட்டிப் பள்ளிக்கூடம் அனுப்புவாள். கை வேலையில் இருக்கும், காது மேம்சாப்பின் வாயில் இருக்கும். ஒரு புது வார்த்தை விழுந்தால் முடிந்து வைத்துக்கொண்டு வந்து மறுநாள் விடியற்காலையில் அவிழ்ப்பாள். ஜெயராஜ் அதை எழுத்துக் கூட்டி எழுதுவான். சில சமயம் அவன் எழுதியது அகராதிக்கே தெரியாத எழுத்தாக இருக்கும். மறுநாள் ஆபீஸ் டிக்ஷனரியைப் பார்த்துவிட்டு வந்து அடித்துத் திருத்துவான்.

பிப்ரவரி கடைசியில் ஒருநாள், அவள் வாயிலிருந்து வந்த ஒரு வாக்கியத்தை எழுதாமல் பேனாவைத் தூக்கிப் பிடித்தான்.

"ஹீ டோன்ட் இல்ல பிரிஜெட்டு. ஹீ டஸின்ட்."

"மேம்சாப் அப்படித்தான் சொல்லுது."

"மேம்சாப்பும் தப்பு."

பிரிஜெட்டுக்கு ரோஷம் வந்தது. அப்புறம், குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போகும்போது, அவளுக்குத் தன்னையறியாமல் சிரிப்பு வந்தது. இந்த ஆள் பாஸ் பண்ணிவிடுவான் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் நம்பிக்கை வந்தது.

பரீட்சை மார்ச் கடைசி வாரம். திங்கட்கிழமை முதல் பேப்பர், புதன்கிழமை இரண்டாம் பேப்பர். இரண்டும் காலை பத்து மணிக்கு. இரண்டு அரை நாள் லீவு வேண்டும், அவ்வளவுதான். ஜனவரியிலேயே லெட்டர் கொடுத்திருந்தான். சுந்தரேசன் அதைக் கண்ணாடி உருண்டைக்கு அடியில் வைத்தார். பிப்ரவரியில் கேட்டதற்கு, "பாக்கலாம்பா" என்றார். மார்ச் முதல் வாரத்தில் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை ஜெயராஜ் களியைப் பிட்டுப் போட்டுக்கொண்டே சொன்னான். அன்று கருவாட்டுக் குழம்பு. அவன் கருவாட்டை ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தான்.

"மார்ச்சு மாசத்துல எவனுக்கும் லீவு கெடையாதாம். வருஷ முடிவாம். ஸ்டாக் எண்ணணுமாம்."

"ஜனவரில குடுத்தப்ப மார்ச்சு மாசம் எப்ப வரும்னு அவருக்குத் தெரியாதா?"

"கேக்க முடியுமாடி?"

"இன்னா சொன்னாரு வேற?"

"நீ கிளார்க்கு ஆயிட்டா அப்பறம் எனக்கு டிபன் யாரு வாங்கியாறதுன்னு கேட்டாரு. சிரிச்சிக்கினேதான் கேட்டாரு. நானும் சிரிச்சேன்."

பிரிஜெட் களித்துடுப்பைத் தண்ணீரில் போட்டாள். "நீ ஏன்யா சிரிச்ச?"

அவன் கருவாட்டை இன்னும் கொஞ்சம் ஓரமாகத் தள்ளினான்.

அன்று ராத்திரி அவளுக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. விடியற்காலையில் அவன் பிஸ்கெட் தகரத்தைக் கவிழ்த்துப் போட்டதும், "இன்னிக்குக் கேள்வி நான் சொல்றேன், எழுது" என்றாள். "ஒரு ஆபீசுல ஒரு ஆளு ஜனவரில லீவு கேட்டு எழுதியிருக்கறான். பதிலு வரல. பெரிய ஆபீசருக்கு எழுதணும்."

ஜெயராஜ் பேனாவை மூடினான். "வேணாம்டி. ஹெட் கிளார்க்கத் தாண்டிப் போவக் கூடாது. ப்ராப்பர் சேனல்னு ஒண்ணு இருக்குது."

"அந்த சேனல்ல போட்ட லெட்டரு கண்ணாடி உருண்டைக்கு அடியில கெடக்குது. எழுது. அனுப்பறதப் பத்தி அப்பறம் பாத்துக்கலாம்."

எழுதினான். அதுவும் நாலு வரிதான். ஜனவரி பத்தாம் தேதி நான் கொடுத்த லீவு லெட்டருக்குப் பதில் வரவில்லை. இந்தப் பரீட்சையை எழுத எனக்கு இதுவே கடைசி வருஷம். இரண்டு காலை நேரம் மட்டும் வேண்டும். சனிக்கிழமைக்குள் பதில் தரவும். ஒரு பிழை இல்லை. கெஞ்சல் ஒன்றுகூட இல்லை. ஜெயராஜ் அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். தன் கையெழுத்தில் இப்படி ஒன்றை அவன் அதுவரை பார்த்ததில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தான்.

அதை அன்றைக்கே ஆபீசர் டேபிளில் வைத்துவிட்டான். ஆபீசர் புதுசாக வந்தவர். ஓரத்தில், 'யார் இந்த ஆள்?' என்று பென்சிலால் எழுதி, ஹெட் கிளார்க்குக்கு அனுப்பிவிட்டார்.

அதற்கப்புறம் ஒரு வாரத்துக்கு மேல் ஒன்றுமே நடக்கவில்லை. சுந்தரேசன் அவனிடம் டீ கேட்டார், தபால் கேட்டார், சிரிக்கத்தான் இல்லை. பரீட்சைக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம், மணி அடிக்கும் நேரத்தில், ஒரு மெமோ கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்.

பிரிஜெட்டுக்கு அதைப் படித்துக் காட்டினான். படிக்கும்போதே ஒரு வார்த்தை தவிர எல்லாம் அவளுக்குப் புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருந்தால் தேவலை என்று நினைத்தாள். மேலதிகாரியை மீறினது, பணியாளுக்குத் தகாத தொனியில் எழுதினது, இந்த இரண்டுக்கும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் விளக்கம் தர வேண்டும். தவறினால் சஸ்பென்ஷன்.

"அந்த டோனுன்னா இன்னாய்யா?"

"பேசற மாதிரி. கொரலு."

"அப்ப அது என் கொரலு."

ஜெயராஜ் மெமோவை மடித்தான். "கூப்பிட்டு வச்சிக் கேட்டாரு. இது உன் இங்கிலீஷ் இல்லியே, யாரு எழுதிக் குடுத்தது, பேரச் சொல்லு, உன்ன விட்டுடறேன்னாரு."

"நீ இன்னா சொன்ன?"

"நான்தான்னேன்."

அவன் அவளைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. சனிக்கிழமை முழுவதும் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, செயினைக் கழற்றிச் சீமெண்ணெயில் ஊறப்போட்டு, ஒவ்வொரு கண்ணியாகத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்து முடித்ததும் மறுபடியும் முதலிலிருந்து துடைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும், "கொஞ்ச நேரத்துல வந்துடறேன், நீ வூட்டுக்குப் போ" என்று அவனை அனுப்பிவிட்டு, பிரிஜெட் அல்சூர் பஜாரைத் தாண்டி, கோயில் தெருவில் சுந்தரேசன் வீட்டை விசாரித்துக்கொண்டு போனாள். வெயில் அப்போதே முதுகில் அறைந்தது. வழியில் ஒரு தடவை வயிற்றில் கை வைத்துக்கொண்டு புளியமரத்தடியில் நின்றாள்.

சுந்தரேசன் வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வேட்டியில் அவர் ஆபீஸ் ஆள் மாதிரி தெரியவில்லை, காய்கறி விலை கேட்கிற யாரோ ஒரு பெரியவர் மாதிரி இருந்தார். அவள் யார் என்று சொன்னதும் பேப்பரை மடித்தார்.

"ஆபீஸ் விஷயத்தை ஆபீஸ்ல பேசணும்மா. ஆத்துல பேசப்படாது."

"நான் ஆபீசுக்கு வர முடியாதுங்க சார். அந்த லெட்டரு அவரு கைதான் எழுதிச்சி. வார்த்த என்னுது. நான் சொல்லச் சொல்ல எழுதுனாரு. தண்டிக்கறதா இருந்தா..."

"நீயா? நீ என்ன படிச்சிருக்கே?"

"ஒண்ணும் படிக்கலீங்க."

உள்ளேயிருந்து அவர் பெண்டாட்டி காந்தா எட்டிப் பார்த்தாள். "ஏன்னா, வயித்துப் பொண்ணு வெயில்ல நிக்கறா, உக்காரச் சொல்லுங்கோளேன்" என்று சொல்லி, ஒரு டம்ளர் மோரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நிலைப்படியிலேயே நின்றுகொண்டாள்.

சுந்தரேசனுக்கு நம்பிக்கை வரவில்லை. குழந்தையைக் கேட்கிற மாதிரி இங்கிலீஷில் மெதுவாக, "வாட் இஸ் யுவர் நேம்?" என்று கேட்டார்.

பிரிஜெட் பெயரைச் சொன்னாள். சொல்லிவிட்டு அதே மூச்சில், தான் பெயர் சொல்ல அங்கே வரவில்லை என்றும், தன் புருஷன் பன்னிரண்டு வருஷத்தில் ஒருநாள்கூடத் தாமதமாகப் போனதில்லை என்றும், இரண்டு காலை நேரம் கொடுத்தால் சர்க்கார் கிடங்கு ஒன்றும் ஓடிப்போய்விடாது என்றும், மே மாசத்துக்கு மேல் தனக்கு வேலை இல்லை என்றும் இங்கிலீஷில் கடகடவென்று சொன்னாள். காக்ஸ் டவுன் வீட்டு ஜன்னலோரம் யாரோ பேசுவது மாதிரி இருந்தது. சுந்தரேசன் இங்கிலீஷிலேயே பதில் சொல்ல வாயெடுத்தார். "தட் இஸ்... தி திங் இஸ் தட்..." என்று இரண்டு தடவை தொடங்கினார். இருபத்திரண்டு வருஷமாக இங்கிலீஷில் குறிப்பு எழுதியவர். பேச்சு நடுவில் நின்றுவிட்டது.

நிலைப்படியில் காந்தா சிரித்துவிட்டாள். கேலிச் சிரிப்பு இல்லை. வேடிக்கையாக இருந்தது, சிரித்தாள். ஆனால் சுந்தரேசனின் காது சிவந்துபோனதைப் பிரிஜெட் பார்த்தாள். பார்த்த அந்த நிமிஷமே, தான் வந்த காரியம் கெட்டுப்போய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அப்படின்னா," என்றார் அவர், தமிழில், "அவன் ஆபீசர் பேருக்கு வெளியாளை வெச்சு லெட்டர் எழுதியிருக்கான். எங்கிட்ட நான்தான்னு பொய்யும் சொல்லியிருக்கான். ரெண்டு குத்தம் இருந்தது, இப்போ நாலு."

"சார், நான் அதுக்குச் சொல்லல..."

"எதுக்குச் சொன்னாலும் சொன்னது சொன்னதுதானேம்மா." மடித்த பேப்பரை இன்னொரு தடவை மடித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எனக்கு இருபத்திரண்டு வருஷமா மார்ச் மாசத்துல லீவு கெடையாது. எங்கப்பா காரியத்துக்கே அரை நாள்தான் கெடச்சுது. நான் யார்ட்டப் போய்ச் சொல்றது? அவனுக்குக் குடுத்தா நாளைக்கு நாலு பேர் வந்து நிப்பான். ஆபீசர் என்னைக் கேப்பார்" என்றார்.

எழுந்து போய் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்து நீட்டினார். "மன்னிப்பு லெட்டர். இதை அப்படியே காப்பி பண்ணிக் கையெழுத்துப் போட்டு, நாளைக்குப் பத்து மணிக்கு என் டேபிள்ல வெக்கச் சொல்லு. மெமோவை நான் ஃபைல்ல போட்டு மூடிடறேன். வேலை மிஞ்சும்."

"பத்து மணிக்குத்தான் சார் மொதல் பேப்பரு."

"தெரியும்" என்றார் சுந்தரேசன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

மோரைக் குடிக்காமல் போனால் அந்த அம்மாள் மனசு கஷ்டப்படும் என்று குடித்துவிட்டு வந்தாள். வழி நெடுக அந்தக் காகிதம் கை வியர்வையில் நனைந்துகொண்டே வந்தது. அதில் என்ன இருக்கிறது என்று அவளால் படிக்க முடியாது. அவளுக்கு அன்றைக்குப் போல என்றைக்கும் அது வலித்ததில்லை.

ஜெயராஜ் வாங்கிப் படித்தான். எங்கே போய்வந்தாள் என்று கேட்கவில்லை, காகிதமே சொல்லிவிட்டது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள், காந்தா சிரித்தது வரைக்கும். "நான் போயிருக்கக் கூடாது" என்றாள்.

"போனா இன்னா, போவலைன்னா இன்னா. இத்தத்தான் நாளைக்கு நேராக் குடுத்திருப்பாரு."

"ஒண்ணு கேக்கறேன். நாளைக்கு நேராப் பரீட்சைக்குப் போயிட்டா?"

"சஸ்பென்ஷனு. சர்வீசு முறிஞ்சிடும். சர்வீசு முறிஞ்சா பாஸ் பண்ணியும் கிளார்க்குக்கு எழுதிப் போட முடியாது."

"போவலைன்னா?"

"வயசு போயிடும்."

இரண்டு பேரும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அடுப்பில் ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டில் முத்தம்மா யாரையோ கன்னடத்தில் வைதுகொண்டிருந்தாள். வெளியே பையன்கள் பம்பரம் விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலம் எல்லோருக்கும் ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலமாகவே இருந்தது.

வெளிச்சம் இருக்கும்போதே எழுதிவிடலாம் என்று ஜெயராஜ் வாசலில் பிஸ்கெட் தகரத்தைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். ஒரு வரி எழுதிவிட்டு நிறுத்தினான்.

"இன்னாய்யா?"

"இதுல ஒரு தப்பு இருக்குது."

"எதுல?"

"அவரு எழுதுனதுல. ஐ ஆம் ரிக்ரெட்டட்னு போட்டிருக்காரு. அப்படி வராது. ஐ ரிக்ரெட். நான் வருந்தறேன். அவரு எழுதியிருக்கறபடி பாத்தா, என்ன நெனச்சி வேற யாரோ வருந்தற மாதிரி இருக்குது."

பிரிஜெட் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவன் சொன்னது சரி என்று அவள் காதுக்கும் தெரிந்தது. "அப்படியே காப்பி பண்ணச் சொன்னாருய்யா. மாத்துனா அதுக்கும் கோவிச்சிக்கப் போறாரு. ஏற்கனவே நான் போயி..."

ஜெயராஜ் பேனாவைப் பிடித்தபடியே ரொம்ப நேரம் இருந்தான். மை நிப்பில் காய்ந்துவிட்டது. காகித ஓரத்தில் கிறுக்கி அதை ஈரமாக்கினான்.

"மன்னிப்பு கேக்கறேன் பிரிஜெட்டு. வேற வழி இல்ல, கேக்கறேன். ஆனா தப்பாக் கேக்க மாட்டேன்."

ஐ ரிக்ரெட் என்று எழுதி, கடைசி வரை எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

திங்கட்கிழமை பத்து மணிக்குப் பிரிஜெட் காக்ஸ் டவுனில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். எதிர்ச்சாரியில் இருந்த பள்ளிக்கூடத்தில் மணி அடித்தது. கொடியில் போட்ட துணியைக் கையில் பிடித்தபடி மணி நிற்கும்வரை நின்றாள். மேம்சாப் ஜன்னலிலிருந்து, "ஆர் யூ ஆல் ரைட், பிரிஜெட்?" என்று கேட்டாள். "யெஸ் மேடம்" என்றாள்.

சாயங்காலம் ஜெயராஜ் வந்தான். "வாங்கிக்கினாரு. படிச்சாரு. ஒரு எடத்துல நிறுத்திட்டு மறுபடியும் படிச்சாரு. என்ன நிமுந்து பாத்தாரு. ஃபைல்ல வச்சி மூடிட்டாரு" என்றான். செவ்வாய்க்கிழமை அவன் ஸ்டாக் ரூமில் வாளி எண்ணினான், மண்வெட்டி எண்ணினான். வீட்டில் பரீட்சை என்ற பேச்சை இரண்டு பேரும் எடுக்கவில்லை. புதன்கிழமை விடியற்காலையில் பழக்கத்தில் எழுந்துவிட்டார்கள். எழுந்த பிறகு என்ன செய்வது என்று தெரியாமல், ஆறு மணிக்கு வரப்போகிற தண்ணீருக்கு ஐந்து மணிக்கே போய்க் குடத்தோடு நின்றார்கள்.

அன்று பிற்பகலில் அந்த வருஷத்து முதல் மழை அடித்தது. மா காய்க்கும் பருவத்து மழை, மாங்காய் மழை என்பார்கள். புழுதி வாசனை கிளம்பி, ரோடெல்லாம் மரத்துப் பூக்கள் ஒட்டிக்கொண்டன. பிரிஜெட் நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தபோது ஜெயராஜ் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தான். அவன் கையில் நாலாக மடித்த அச்சடித்த காகிதம் ஒன்று இருந்தது. அவன் முகத்தைப் பார்த்து அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"இன்னாய்யா இது?"

"ரெண்டாம் பேப்பரு."

"எப்படி வந்துது உங்கையில?"

"போனேன். எழுதுனேன்."

அவள் ஈரப் புடவையோடு அப்படியே நின்றாள். அவன் சொன்னான். காலையில் ஒன்பதரைக்குச் சுந்தரேசன் கூப்பிட்டாராம். மேஜையில் ஒரு தபால் உறை இருந்ததாம். சிட்டி ஆபீசில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டு வர வேண்டும், அங்கே லேசில் கொடுக்க மாட்டார்கள், மத்தியானம் இரண்டு மணிகூட ஆகும், ஆனால் பரவாயில்லை என்றாராம்.

"எனக்கு ஒடனே வெளங்கிடுச்சி. சார், மொதல் பேப்பரு முந்தாநாளே போயிடுச்சி, இது ஒண்ணு எழுதிப் பிரயோஜனம் இல்ல, ரெண்டும் எழுதினாத்தான் கணக்குன்னேன்."

"அதுக்கு?"

"ஃபைலப் பாத்துக்கினே இருந்தாரு. இந்தத் தபால் முந்தாநாளே வந்திருக்கணும்ப்பா, வரலைன்னாரு. அவ்ளோதான். எடுத்துக்கினு போன்னாரு."

ஹால் டிக்கெட் அவன் சட்டைப் பையிலேயே இருந்திருக்கிறது. சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது பத்து அடித்து இருபது நிமிஷம். வாசலில் இருந்த வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்து, இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தால் விட்டிருக்க மாட்டேன் என்று சொல்லி உள்ளே விட்டார். எழுதி முடித்துவிட்டு, அப்படியே சிட்டி ஆபீசுக்குப் போய்த் தபாலைக் கொடுத்து முத்திரையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

ஜூன் மாசம் மார்க்கு வந்தபோது, முதல் பேப்பருக்கு நேரே வரவில்லை என்றும், இரண்டாம் பேப்பருக்கு நேரே அறுபத்து மூன்று என்றும் போட்டு, அடியில் ஃபெயில் என்று முத்திரை குத்தியிருந்தது. ஜூலையில் பெண் குழந்தை பிறந்தது. அக்டோபரில் ஜெயராஜுக்கு முப்பத்தைந்து முடிந்தது. அவன் பியூனாகவே இருந்தான். பிரிஜெட் குழந்தையை முத்தம்மாவிடம் விட்டுவிட்டு, வேறு ஒரு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போனாள். அங்கே கன்னடம்தான் பேசினார்கள். இதெல்லாம் பிற்பாடு.

அந்தப் புதன்கிழமை சாயங்காலம், தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருக்க, பிரிஜெட்டுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

"ஒண்ணும் ஆவாதுன்னு தெரிஞ்சிக்கினே ஏன்யா போய் எழுதுன? மூணு மணி நேரம் கை நோவ? யாருக்குய்யா எழுதுன?"

ஜெயராஜ் கேள்வித்தாளைப் பிரித்து மடிமேல் வைத்து, கையால் நீவி விட்டான். மடிப்பு போகவில்லை.

"கேட்டிருந்தான் பிரிஜெட்டு. அஞ்சு கேள்வி. அஞ்சும் எனக்குத் தெரிஞ்சிருந்துது."

அவள் முகத்தை ஈர முந்தானையாலேயே துடைத்துக்கொண்டாள். அடுப்பைப் பற்றவைத்து, களிக்கு உலை வைத்தாள். உலை கொதிக்க நேரமாகும். அவன் எதிரில் கால் நீட்டிக் கனத்த வயிற்றோடு உட்கார்ந்துகொண்டு, "மொதல் கேள்வியப் படி" என்றாள்.